விரதக்காரரின் டப்பாவில் இறைச்சி நார்

வழியனுப்புக் கேக்குக்கு நன்றி. முப்பத்திரண்டு வருடம் ஊரார் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளைக் கூப்பிட்டு, மேசை நடுவில் சாக்லெட் கேக்கை வைத்து, "புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க அக்கா" என்று கேட்கும் துணிச்சல் நம் ஒட்டுண்ணிப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு. பேசியதை எழுதியும் கொடுக்கச் சொன்னார்கள். இதோ எழுதிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம், தப்பில்லை. சாப்பாட்டையும் வேலையையும் மனத்துக்குள் தனித்தனியாக வைக்கத் தெரியாதவர்கள் மூன்றாம் நாளே ரத்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் இன்னும் இங்கே இருக்கிறீர்கள் என்றால் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எப்படிச் சாயம் போடுவது, எந்த லென்ஸில் பார்ப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் மறுபடி சொன்னால் நீங்களும் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் எப்படியெல்லாம் அசடு வழிந்தேன் என்பதை. அந்தத் துறையில் எனக்கு நல்ல அனுபவம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஸ்லைடில் உருண்டையாக, மேலெல்லாம் முள்முள்ளாக, பார்க்கவே அவ்வளவு அழகாக ஒன்று. உலகத்தில் யாரும் காணாத புழு முட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நாற்காலி கவிழ எழுந்து கத்தினேன். அப்போது பிரிவில் மூத்தவராக இருந்த அம்மையார் வந்து, குனிந்து, ஒரு கண்ணால் பார்த்தார். "செம்பருத்தி மகரந்தம்மா. இந்த ஆள் பூவைச் சாப்பிடுறார் போல" என்றார். பிரிவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மகரந்தம்னு ஷீட்டில எழுதி வை. நோய் இல்லாட்டியும் பார்த்ததை எழுதணும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். தக்காளித் தோல், கீரை நரம்பு, மாவுத் துகள், செரிக்காத இறைச்சி நார். இது டாக்டருக்குப் போகிற அறிக்கையில் இருக்காது, நம் வேலைத்தாளில் மட்டும்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள், "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு அக்கா?" என்று கேலி செய்தார்கள். எதற்கென்று எனக்கே அப்போது தெரியாது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஜூரோங்கில் ஒரு தொழிலாளர் விடுதியில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. விட்டு விட்டு வந்தது, நிற்கவே இல்லை. அவர்களின் மல மாதிரிகள் நம்மிடம் வந்தன. ஆறிலும் ஜியார்டியா. இன்னும் நீங்கள் நேரில் பார்க்காவிட்டால் சீக்கிரம் பார்ப்பீர்கள். பேரிக்காய் வடிவத்தில் ஒரு உயிர், அதற்குள் அக்கம்பக்கமாக இரண்டு பெரிய கண்கள், மூக்குக்கண்ணாடி போட்ட மாமா ஒருவர் நம்மையே முறைத்துப் பார்ப்பது போல இருக்கும். ஒட்டுண்ணிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதை வயிற்றில் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காது. கெட்ட தண்ணீரில் வரும், கழுவாத கையிலிருந்து சாப்பாட்டுக்கும் வரும்.

சாப்பாடு என்றதும் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது. அந்த விடுதிக்கு மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் லிட்டில் இந்தியாவில் ஒரு சமையல்கூடத்திலிருந்து போகிறது. அதை நடத்துகிறவர் கமலாக்கா. இரண்டு கையிலும் வளையல் குலுங்க, அதிகாலையிலேயே காய்கறி லாரிக்காரரோடு சண்டை போட்டு ஜெயிக்கிறவர். அங்கே வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் மலம் எடுத்துத் தர ஆளுக்கொரு டப்பாவும் ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார்கள். வெறும் காலோடு நடப்பீர்களா, பச்சைக் காய்கறி தின்பீர்களா, வீட்டில் நாய் உண்டா, கடந்த மாதம் வெளிநாடு போனீர்களா என்று வழக்கமான கேள்விகள். ஆபத்துக் காரணிகள் என்று தலைப்பு வேறு பெரிதாகப் போட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது டப்பாவும் என் மேசைக்கு வந்தன. ஏழில் ஒன்றும் இல்லை. இரண்டில் மூக்குக்கண்ணாடி மாமாக்கள் கூட்டம் கூட்டமாக. ஒன்று ஜெரோம், உதவியாளர். இன்னொன்று செல்லமுத்து, தலைமைச் சமையல்காரர். இரண்டு வேலைத்தாளிலும் வழக்கப்படி "இறைச்சி நார், நிறைய" என்று எழுதிவிட்டு போனைத் தூக்கினேன்.

இந்த விசாரணையை நடத்தியவர் தினேஷ் என்ற சுகாதார அதிகாரி, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்.

"அக்கா, மெயின் குக்கே பாசிட்டிவா? ஜாக்பாட் லா!" என்று கத்தினார்.

எனக்கும் தலைகால் புரியவில்லை. ஜூரோங்கில் ஆறு பேர், லிட்டில் இந்தியாவில் ஒரு சமையல்காரர், நடுவில் ஒரு கரண்டி. ஜெரோமுக்கும் அவரிடமிருந்துதான் தொற்றியிருக்கும் என்று முடிவுகட்டினோம், எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சமையல்கூடத்துக்கும் விடுதிக்கும் உடனே சொல்லிவிட்டு, நாலு மணிக்குள் அறிக்கையை மேலே அனுப்பிவிடுவதாக தினேஷ் சொன்னார். சந்தோஷத்தில் நான் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். பிள்ளைகளே, உங்களுக்கு இந்த வேலையில் குதூகலம் வரும், வரவேண்டும். ஆனால் குதூகலம் வந்த நிமிடத்தில் போனைத் தொடாதீர்கள். டீயை முதலில் குடியுங்கள், போனைப் பிறகு எடுங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

ஒருவருக்கு ஜியார்டியா இருந்தால் விதி சொல்வது மிகச் சாதாரணம்: மருந்து கொடு, சரியாகும்வரை சமையலறைக்கு வெளியே இருக்கட்டும், மறுபடி டப்பா வாங்கிப் பார். அந்த மறு டப்பாக்களைக் கூரியரில் அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு எம்.ஆர்.டி. ரயில் ஏறினேன். கடமை உணர்ச்சி என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருமுனையில் நல்ல உளுந்து வடை கிடைக்கும்.

வடையை முடித்துவிட்டுப் போய்ச் சேரும்போது மணி மூன்று. கமலாக்கா வாசலிலேயே நின்றார்.

"வாங்க. ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமை ஃபிளைட்" என்றார்.

"யாருக்கு டிக்கெட்?"

"செல்லமுத்துவுக்குத்தான். வேற என்ன செய்யச் சொல்றீங்க? விடுதி மேனேஜர் போன் பண்ணிட்டார் லா. யாரால வந்துச்சோ அந்த ஆளை அனுப்புங்க, இல்லாட்டி நாளையிலேர்ந்து சாப்பாடு வேண்டாம்ங்கிறார். இங்க இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. அவங்க வயித்துக்கும் நான்தானே பொறுப்பு?"

மருந்து சாப்பிட்டு ஒரு வாரம் ஓய்வெடுக்கவேண்டிய விஷயத்துக்கு ஒரு மனிதரின் வேலையே போகப் போகிறது, அதுவும் என் போனால். உள்ளே எட்டிப் பார்த்தேன். சமையலறைக்கு வெளியே, கவிழ்த்துப்போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடைமேல், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தாடி, மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை.

"அவர்தான்" என்றார் கமலாக்கா, குரலைத் தாழ்த்தி. "பதினோரு வருஷமா என்கிட்ட இருக்கார். மூணு வருஷம் காவடி எடுக்கிறதா வேண்டுதல். இது கடைசி வருஷம். புதன்கிழமை தைப்பூசம், இவருக்கு ஞாயித்துக்கிழமை டிக்கெட். என் வயிறே எரியுது."

நான் அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். "எத்தனை நாளா விரதம் அண்ணே?"

"இன்னையோட நாப்பத்து மூணு நாளுங்க."

"சுத்த சைவமா?"

"முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடலைங்க. கறி சமைக்கிற பக்கமே போறதில்ல, இந்த மாசம் முழுக்க அது ஜெரோம் பொறுப்பு. நான் சாம்பார், பொரியல் மட்டும்தான். அதுக்கும் உப்புப் பார்க்கிறது ஜெரோம்தான், நான் ஒரு வேளைதான் சாப்பிடுறேன்."

என் தலைக்குள் ஏதோ இடறியது. காலையில் நானே எழுதியது, என் கையெழுத்து: செல்லமுத்து, இறைச்சி நார், நிறைய.

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆய்வுக்கூடப் பணியாளர் என்ன செய்திருக்கவேண்டும்? அவரைத் தனியே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, பக்குவமாகக் கேட்டிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? இவ்வளவு பெரிய மாலையைப் போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகக் கறி தின்கிறாரே என்ற ஆச்சரியத்தில், சமையலறை முழுக்கக் கேட்கும்படி, "அப்புறம் எப்படி அண்ணே உங்க டப்பாவில கறி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளே கத்தி நின்றது. கரண்டி நின்றது. குக்கர் மட்டும் விசில் அடித்தது.

செல்லமுத்து எழுந்து நின்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "யாருங்க சொன்னது?"

"மைக்ரோஸ்கோப்புல தெரிஞ்சுது."

"அந்த மெசினை இங்க கூட்டிட்டு வாங்க. நேருக்கு நேர் நான் கேக்கறேன். முருகன் மேல சத்தியமா நான் தொடலை."

இதுவரை நான் சொன்ன அசட்டுத்தனங்களுக்கெல்லாம் நீங்கள் சிரிக்கலாம். இதற்கு மட்டும் சிரிக்காதீர்கள். ஒருவர் டப்பாவில் நாம் கண்டதைக் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் போட்டு உடைத்தேன். வேலை போகும் நாளில் அவரிடம் மிச்சம் இருந்தது அந்த விரதம் ஒன்றுதான், அதிலும் கைவைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது சமையலறையின் பின்வாசலுக்கு வெளியிலிருந்து துடைப்பத்தோடு ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"அக்கா, அந்தக் கறி என்னோடது."

ஜெரோம். நாற்பதைத் தாண்டியவர், வட்ட முகம், ஏப்ரன் பூராவும் மஞ்சள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"அண்ணன் மாலை போட்டிருக்காரு. அதைக் கையால எடுக்க மாட்டேன்னு டப்பாவை வெச்சுக்கிட்டு ரெண்டு நாளா முழிச்சாரு. கமலாக்கா வேற, எல்லாரும் குடுத்தாச்சு, நீங்க எங்கன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. நான்தான் சொன்னேன், கவலைய விடுங்கண்ணே, எனக்கு இப்பல்லாம் தாராளமாத்தான் வருது, ரெண்டு டப்பாவுக்கும் போதும்னு."

"போறது வேறங்க" என்று செல்லமுத்து எங்களுக்கு விளக்கினார், நீதிமன்றத்தில் நிற்பவர் போல. "போயிட்டுத் தலைக்குக் குளிச்சா சரியாப் போச்சு. அதை எடுத்து, டப்பாவில போட்டு, மூடி, பேர் எழுதிப் பத்திரமா வைக்கிறது வேற. மாலை போட்டவன் செய்யிற காரியமா அது?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அடுத்த நொடி சமையலறையே சிரித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கமலாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், வளையல் சத்தத்தில் குக்கர் விசில்கூடக் கேட்கவில்லை. அதுவரை நான் டப்பாவின்மேல் ஒட்டிய பெயரைச் சந்தேகப்பட்டதே இல்லை. நூறு தடவை சரிபார்ப்பேன், எழுத்து சரியா, எண் சரியா என்று. உள்ளே இருப்பது அந்த ஆளுடையதுதானா என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை.

சிரிப்பு அடங்கியதும் கமலாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப ஆறு பேருக்கும் வந்தது ஜெரோமாலயா?"

அவர் யோசிப்பது எனக்குப் புரிந்தது. டிக்கெட்டில் பெயரை மாற்றவேண்டியதுதான் பாக்கி. ஒருவரைக் கிணற்றிலிருந்து தூக்கி, அதே கையால் இன்னொருவரை உள்ளே தள்ளியிருந்தேன்.

ஜெரோமுக்கும் அது புரிந்தது. "பரவாயில்லக்கா. அண்ணன் காவடி எடுக்கட்டும், நான் போறேன்" என்றார். செல்லமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் இருவரையும் பார்க்க முடியவில்லை.

மணி மூன்றே கால். நாலு மணிக்கு தினேஷின் அறிக்கை போய்விடும். அதற்குப் பிறகு எது உண்மையாக இருந்தாலும் அதை எழுத்தில் திரும்ப வாங்க வாரக்கணக்கு ஆகும், விமானம் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். அவசரத்தில் எனக்கு ஒரே ஒரு நல்ல காரியம் தோன்றியது. ஜெரோமின் கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுத்தேன். பயணம்: இல்லை. கெட்ட தண்ணீர்: இல்லை. எல்லாமே இல்லை. தாளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன்.

"வயிறு எப்போலேர்ந்து சரியில்ல?" என்று கேட்டேன்.

"ஒரு பத்து நாள் இருக்கும்."

"சொந்த ஊர் எது?"

"பாம்பன் அக்கா. நாங்க தீவுக்காரங்க."

"கடலைப் பார்த்தே வளர்ந்தவரு, இந்தச் சமையல்கூடத்தில எப்படி இருக்கீங்க?"

இது கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் விட மாட்டோம்ல! போன மாசக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை படகு பிடிச்சுத் தீவுக்குப் போனோமே. தெற்குப் பக்கம், குட்டித் தீவு, கால் மணி நேரம்தான். மீன் பிடிச்சு, அங்கேயே குழம்பு வெச்சு... பழைய வீடு ஒண்ணு பூட்டிக் கிடக்கு, பக்கத்துல கிணறு. அந்தத் தண்ணி இருக்கே அக்கா, எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி மாதிரியே இனிச்சுது. வயிறு முட்டக் குடிச்சோம். போத்தல்ல வேற பிடிச்சுட்டு வந்தோம்."

"குடிச்சோம்னா, யார் யாரு?"

"நானும், ஜூரோங்ல இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க ஆறு பேரும். எல்லாரும் ஒரே ரூம்."

ஆறு பேர், ஒரே அறை. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. "இதை ஏன் தாள்ல எழுதல?"

அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. "வெளிநாடு போனீங்களான்னுதானே கேட்டிருந்தாங்க. அது வெளிநாடு இல்லையே?"

இல்லைதான். சரியான பதில்தான் எழுதியிருக்கிறார். தப்புக் கேள்வி கேட்டது நாம். ஆங் மோ கியோவிலிருந்து ஜூரோங்குக்கு ரயிலில் போய்வருகிற நமக்கு, நாம் ஒரு தீவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. சுற்றிலும் குட்டித் தீவுகள், கால் மணி நேரப் படகு, அங்கே யாரோ என்றோ விட்டுப்போன கிணறுகள். நம் கேள்வித்தாளுக்கு விமானம் தெரியும், படகு தெரியாது. ஜெரோமுக்குத் தீவு தெரியும், கிணறு தெரியும், ஆனால் பாம்பனில் அந்தக் கிணற்றை நாலு வீட்டுக்காரர்கள் தினமும் பார்த்துக்கொள்வார்கள், இங்கே பார்க்க ஆளில்லை என்பது தெரியவில்லை. பழக்கமான ருசியாக இருந்தது, நம்பிக் குடித்துவிட்டார்.

தினேஷுக்கு போன் போட்டேன். மணி மூன்றே முக்கால்.

"அக்கா, டைப் பண்ணி முடிச்சிட்டேன். சென்ட் பண்ணவா?"

"அனுப்பாதீங்க. அந்த விடுதியில மதியச் சாப்பாடு எத்தனை பேர் சாப்பிடுறாங்க?"

"எல்லாரும்தான்."

"வயிறு கெட்டது?"

"ஆறு பேர்."

"ஆறு பேரும் ஒரே ரூமா, பாருங்க."

தாள் புரட்டும் சத்தம். பிறகு, "ஐயோ" என்றார்.

கிணற்றைச் சொன்னேன். டப்பாவையும் சொன்னேன். செல்லமுத்துவின் பரிசோதனை முடிவு தப்பு, அதை நானே திரும்பப் பெறுகிறேன், என் தவறு என்று என் பெயர் போட்டு எழுதுங்கள் என்றேன்.

"பேர் போட வேண்டாம் அக்கா. ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம்தான் இருக்கு, இப்பப் போய் உங்களுக்கு ஒரு கறை."

"இங்க ஒருத்தருக்கு டிக்கெட் போட்டிருக்காங்க தம்பி. பேர் போடுங்க."

அவர் போட்டார். நல்ல பிள்ளை. ஆனால் விதி விதிதான். செல்லமுத்துவின் சொந்த டப்பா வேண்டும், மூன்று நாள், மூன்று டப்பா. நாளைக் காலை முதல் டப்பா சுத்தம் என்று தெரிந்தால் விடுதிக்குத் தானே பேசுவதாகச் சொன்னார். இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்லமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நடக்காதுங்க. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அதைக் கையில எடுத்தா நாப்பத்து மூணு நாளும் வீண்."

"எடுக்காட்டி வேலை போயிடும் அண்ணே."

"வேலை போனா வேற தேடிக்குவேன். விரதம் போனா எங்க தேடுறது?"

ஜெரோம் ஓடிவந்தார். "நான் எடுத்துத் தரேன் அண்ணே!" நான் அலறினேன். அவர் கைபட்டால் மறுபடி மூக்குக்கண்ணாடி மாமாக்கள் ஊர்வலம் வருவார்கள். சரி, நானே எடுக்கிறேன், எனக்கு இது தினப்படி வேலை என்றேன். செல்லமுத்து காதைப் பொத்திக்கொண்டார். "நீங்க வீடு தேடி வந்தவங்க. உங்களை அதைச் செய்யவிட்டா எனக்குப் பாவம்."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கமலாக்கா வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி அரிசி மூட்டைமேல் வரிசையாக வைத்தார். பிறகு என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க கிளவுஸை. டிக்கெட் போட்டது நான். இதையும் நானே செய்றேன்."

"அக்கா, நீங்க முதலாளி..." என்று செல்லமுத்து தடுமாறினார்.

"பதினோரு வருஷமா நீங்க ஆக்கினதைச் சாப்பிட்டுத்தான் இந்த உடம்பு இருக்கு. பேசாம இருங்க."

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே போனபோது புதிய சிக்கல் ஒன்று. கழிவறையில் விரிக்கப் பழைய தாள் வேண்டும். தமிழ்ப் பத்திரிகையை எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் முருகன் படம், தைப்பூசச் சிறப்பிதழ். செல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். கடைசியில் லெட்டர் பாக்ஸில் வீடு விற்பவர்கள் போட்டுவிட்டுப்போகும் வழவழப்பான விளம்பரத் தாள்கள் கிடைத்தன. ஆங் மோ கியோவில் நான்கு அறை வீடு, ரயில் நிலையத்துக்கு அருகில், காற்றோட்டமானது. அந்த வீட்டின்மேல் காரியம் நடந்தது. செல்லமுத்து வந்து நேராகக் குளிக்கப் போனார். கமலாக்கா வளையலைக் கழற்றிவிட்டு, கிளவுஸும் முகக்கவசமுமாக உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் டப்பாவோடு வெளியே வந்தார். மூடி இறுக்கமாக இருந்தது, பெயர் தெளிவாக இருந்தது. நம் நர்சுகளே அவ்வளவு சுத்தமாக அனுப்பியதில்லை.

டாக்சி பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் பறந்தேன். ஸ்லைடை வைத்துக் குனிந்தேன். மூலைக்கு மூலை தேடினேன். மாவுத் துகள், பருப்புத் தோல், கறிவேப்பிலை நரம்பு, முருங்கைக்கீரை. முறைக்கிற கண் ஒன்றுகூட இல்லை. இறைச்சி நார் ஒன்றுகூட இல்லை. யாரும் இல்லாத அறையில் நான் கைதட்டினேன்.

தினேஷ் சொன்னபடி விடுதி மேனேஜரிடம் பேசினார். கமலாக்கா டிக்கெட்டை ரத்து செய்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் குடிக்காதீர்கள் என்று ஒரு பலகை வந்தது. ஆறு பேருக்கும் ஜெரோமுக்கும் மாத்திரை. சுத்தம் என்று தெரியும்வரை ஜெரோமை யாரும் அடுப்புப் பக்கம் விடவில்லை. தினமும் டெலிவரி வண்டியைக் கழுவினார், பளபளவென்று இருந்தது. கேள்வித்தாளில் "கடந்த மாதம் படகில் எங்காவது போனீர்களா? அங்கே என்ன குடித்தீர்கள்?" என்று ஒரு வரி சேர்ந்தது. இன்றும் அது இருக்கிறது, பாருங்கள். பார்க்கும்போது ஜெரோமை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறும் திங்களும் கமலாக்காதான் வளையலைக் கழற்றினார். மூன்று டப்பாவும் சுத்தம். திங்கள் மதியம் செல்லமுத்துவுக்கு நானே போன் செய்து சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று.

"அதை விடுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கறி இல்லைன்னு அந்த மெசின் சொல்லிச்சா?"

"மூணு நாளும் சொல்லிச்சு அண்ணே."

"அதை எழுத்தில தருவீங்களா?"

விதிப்படி அந்த வரி அறிக்கையில் வராது. ஆனால் எல்லோர் முன்னாலும் எடுத்ததை எழுத்தில்தானே திருப்பிக் கொடுக்கவேண்டும்? ஜியார்டியா: இல்லை என்று டைப் அடித்து, அதன்கீழ் இறைச்சி நார்: இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று நாளுக்கும் அடித்தேன். கையெழுத்துப் போட்டு, ஆய்வுக்கூட முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

புதன்கிழமை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நானும் நின்றேன். செல்லமுத்து காவடியோடு வந்தார். பக்கத்தில் ஜெரோம் தண்ணீர்ப் போத்தலோடு நடந்தார், கடையில் வாங்கியது, மூடி உடைக்காதது. பின்னால் கமலாக்கா, கை நிறைய வளையலோடு. என்னைப் பார்த்ததும் மூவரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த வாரம் வடை சாப்பிடப் போனவள் சமையல்கூடத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு மேல் சாமி அலமாரி. நடுவில் முருகன் படம். அதன் காலடியில், பிளாஸ்டிக் உறைபோட்டு, நான் அடித்துக் கொடுத்த அறிக்கை, மேல் மூலையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை மல அறிக்கைகள் எழுதினேன் என்று எனக்குக் கணக்கில்லை. பூவும் பொட்டும் வைத்துக் கும்பிட்டது அந்த ஒன்றைத்தான்.